பதினான்காம் எண்ணில் கரும்பு

என் மனைவி தன் நாற்பத்தாறாவது வயதில் ஆய்வு மாணவியானாள். கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை, ஆய்வு பகுதிநேரம். தலைப்பைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பழைய உரையாசிரியர் ஒருவர் பிற்கால ஆய்வாளர்களை எந்த அளவு பாதித்திருக்கிறார் என்பதை, அவர்கள் அவரை எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துச் சொல்வது. அந்த உரையாசிரியரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. வேறு யார் பெயரும் வராது. வந்தால் சிலருக்குச் சங்கடம்.

"இலக்கியத்துல எண்றதுக்கு என்னா இருக்கு?" என்று அவளுடைய தலைமையாசிரியை கேட்டாராம். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லாத விஷயம் என்று ஏதாவது உண்டா? நான் குடிகாட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். போல்ட், வாஷர், ரப்பர் கையுறை என்று எண்ணுவதுதான் பிழைப்பு. வீட்டிலும் நாட்குறிப்பு எழுதுகிறவன். மழை பெய்தால் எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை மணிக்கு விட்டது என்று குறித்துவிடுவேன். ஆகவே எண்ணும் வேலையில் பாதியை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ஏறிச் சிதம்பரம் போவோம். அங்கே தேர் ஓடும் வீதிகளுக்குப் பின்னால் ஒரு தெருவில், தனி மனிதர் ஒருவர் தன் வீட்டு மாடியில் நூலகம் வைத்திருக்கிறார். பல ஊர்க் கல்லூரிகளில் தரப்பட்ட ஆய்வேடுகளின் படிகளைக் கேட்டு வாங்கி அடுக்கி வைப்பது அவருக்குப் பிடித்த காரியம். எல்லாம் கெட்டி அட்டை, மெரூன் ரெக்ஸின், தங்க நிற எழுத்து. ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம். நான் இறக்கி வைப்பேன். அவள் கடைசிப் பக்கங்களில் உள்ள துணைநூற்பட்டியலைத் திறந்து பார்த்து, உரையாசிரியரின் நூல் "இருக்கு" அல்லது "இல்ல" என்பாள். நான் என் நோட்டில் கோடு போடுவேன். அவள் அந்தப் பட்டியலைப் போனில் படம் எடுத்துக்கொள்வாள்.

கோடு போடுவதற்கு ஒரு விதி வேண்டியிருந்தது. முதல் நாளே அதில் சண்டை. ஆய்வேட்டின் நடுவில் அடிக்குறிப்புகள் வரும். முதல் குறிப்பில் நூலின் பெயர் இருக்கும். அடுத்தடுத்து அதே நூல் என்றால் 'மேலது' என்று மட்டும் போட்டுவிடுவார்கள்.

"மேலது வந்தா அதுவும் ஒண்ணுதான?" என்றாள் அவள்.

"ஒருத்தர் முப்பத்தெட்டு மேலது போட்டிருக்காரு. அவர் ஒருத்தரே உரையாசிரியருக்கு முப்பத்தெட்டு ஓட்டு போட்ட மாதிரி ஆயிடும்."

"நெறைய படிச்சவருக்கு நெறைய ஓட்டு. அதுல என்னா தப்பு?"

"நெறைய படிச்சாரான்னு நமக்கு எப்படித் தெரியும்? ஓர் ஆய்வேட்டுக்கு ஒரு கோடு. கடைசியில இருக்கிற துணைநூற்பட்டியல்ல அவர் நூல் இருந்தா ஒண்ணு. இல்லன்னா சைபர். சுத்தமா இருக்கும்."

சுத்தமாக இருக்கும் என்ற சொல்லுக்காக அவள் ஒத்துக்கொண்டாள். அவளுடைய நெறியாளரும் ஒத்துக்கொண்டார். அந்த விதியை உண்டாக்கியவன் நான் என்பதை இங்கேயே பதிந்து வைக்கிறேன்.

இரண்டு ஆண்டுச் சனிக்கிழமைகள் அப்படிப் போயின. பதினொரு மணிக்குக் கீழே இறங்கி இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சுவும் சாப்பிடுவோம். பிறகு மாலை வண்டி வரை எண்ணிக்கை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தது அந்த மாடியில்தான். கோடுகள் பெருகப் பெருக அவள் முகம் பொலிந்தது. உரையாசிரியர் எங்கும் இருந்தார். நாட்டுப்புறப் பாடல் ஆய்வில் இருந்தார், புதுக்கவிதை ஆய்வில் இருந்தார், மேடைப் பேச்சு பற்றிய ஆய்வில்கூட இருந்தார்.

"பாருங்க, மேடைப் பேச்சுக்கும் மனுஷன் தேவைப்பட்டிருக்காரு" என்றாள்.

ஆய்வேட்டைத் தருவதற்கு ஐந்து வாரங்கள் இருந்தபோது நெறியாளர் ஒரு யோசனை சொன்னார். உரையாசிரியரோடு சேர்ந்து வேறு எந்த நூல்கள் அடிக்கடி வருகின்றன என்றும் பார்க்கலாமே என்றார். அவள் போனில் இருந்த படங்களை வைத்து ஒரு வாரம் அட்டவணை போட்டாள். எனக்கு அப்போது தொழிற்சாலையில் ஆண்டு இருப்புக் கணக்கு, உதவ முடியவில்லை. வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"உரையாசிரியருக்கு அடுத்தபடியா ஜாஸ்தி வர்ற புஸ்தகம் எது தெரியுமா?"

"அகராதி ஏதாவது."

"கரும்பு."

"எந்தக் கரும்பு?"

"மறுதாம்புக் கரும்பு. பராமரிப்பு முறைகள். முப்பத்திரண்டு பக்கம். பெண்ணாடத்துல யாரோ ஒரு விவசாயி சொந்தமா அச்சுப் போட்ட சின்ன புஸ்தகம்."

வெட்டிய கரும்பின் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பதை எப்படிக் காப்பாற்றி வளர்ப்பது என்பதற்கான கையேடு அது. அதைப் புதுக்கவிதை ஆய்வாளரும் இலக்கண ஆய்வாளரும் துணைநூலாகக் காட்டியிருந்தார்கள். நெறியாளர் துள்ளிக் குதித்திருக்கிறார். இதுவரை யார் கண்ணிலும் படாத செய்தி என்றாராம். உழவர் ஒருவரின் அறிவு இலக்கிய ஆய்வுக்குள் புகுந்த விதம் என்று தனித் துணைத் தலைப்பு போடச் சொன்னாராம். அவள் ஏற்கெனவே பதினோரு பக்கம் எழுதி முடித்திருந்தாள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு, அட்டவணையை ஒரு தடவை சரிபார்க்கலாமே என்று அவள் போனை வாங்கிப் படங்களைத் தள்ளினேன். மாடியில் நான் கோடு போட்டதோடு சரி, பட்டியல்களைப் பார்த்ததே இல்லை. மூன்றாவது படத்தில் கை நின்றது. பத்தொன்பது நூல்கள், அகரவரிசையில். எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. பதினான்காம் எண்ணில் கரும்பு. பட்டியலுக்குக் கீழே நடுவாக மூன்று நட்சத்திரம். அதற்கும் கீழே, 'முற்றிற்று'.

நூற்பட்டியலுக்கு யாரும் 'முற்றிற்று' போடமாட்டார்கள். நான் போடுவேன்.

இதற்கு இருபத்தைந்து வருஷம் பின்னே போக வேண்டும். தொழிற்சாலை வேலைக்கு வரும் முன் நானும் என் மச்சானும், அதாவது என் மனைவியின் அண்ணனும், சிதம்பரத்தில் கூட்டாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருந்தோம். ஆய்வேடு தட்டச்சு செய்வதுதான் பெரும்பாலான வேலை. கையெழுத்துப் பிரதியோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கடைசிப் பட்டியல் இருக்காது. நாளை மறுநாள் கெடு என்பார்கள். "அண்ணே, கடைசில ஒரு லிஸ்ட் போட்டுடுங்கண்ணே, எல்லாரும் போடுற மாதிரி" என்பார்கள். பட்டியல் இல்லாமல் ஓர் ஆய்வேட்டைக் பைண்டிங்குக்கு அனுப்புவது எனக்குப் பொறுக்காது. முதல் முதலில் வந்த ஒருவருடைய பட்டியல் நன்றாக அமைந்திருந்தது. பாடல்களில் உழவுச் செய்திகள் பற்றிய ஆய்வு அது. உரையாசிரியர் அதில் இருந்தார். கரும்பும் இருந்தது, கரும்பு நூலை எழுதியவர் அந்த ஆய்வாளரின் மாமனார். மாமனாருக்கு மரியாதை செய்திருக்கிறார். நான் அந்தப் பட்டியலை அகரவரிசைப்படுத்தி, இடைவெளி சீராக்கி, ஃப்ளாப்பியில் ஏற்றி வைத்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. சொன்னால் அவளுடைய முக்கியமான இயல் விழுந்துவிடும். சொல்லாவிட்டால் வாய்மொழித் தேர்வு நாளன்று யாராவது எழுந்து கரும்பைப் பற்றிக் கேட்பார்கள், அப்போது அவளே விழுந்துவிடுவாள். ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு வருஷ உழைப்பு. ஞாயிறன்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்குப் போய் மச்சானைப் பிடித்தேன். அவர் இப்போது குமராட்சிப் பக்கம் மினிபஸ் ஓட்டுகிறார். வண்டி புறப்பட இருபது நிமிஷம் இருந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே முழுவதும் கேட்டார். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார்.

"அட, நம்ம கரும்பா! இன்னும் உயிரோட இருக்குதா?"

"சிரிக்காத மச்சான். அவகிட்ட எப்படிச் சொல்றது?"

"எப்படின்னா? வாயாலதான். மாப்ள, நீ இதுல நெறியாளருக்கே நெறியாளர். எத்தன பேர டாக்டராக்கி விட்டிருக்கற!"

"கடையில நீயும்தான் இருந்த."

"நானு பிரிண்ட் எடுத்தேன். லிஸ்ட் வைக்கணும், கோடு நேரா இருக்கணும், நட்சத்திரம் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு?"

முன் இருக்கையில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா அதுவரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொஞ்சாதிகிட்ட மறைக்காதய்யா. அவுங்களுக்கு எப்படியும் தெரிஞ்சிடும். நீயா சொன்னா பாதித் திட்டோட போயிடும்" என்றார்.

"கேட்டுக்க. டிக்கெட் இல்லாம யோசனை" என்றார் மச்சான், வண்டியை எடுத்தபடி.

அன்று மாலையே சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை நறுக்குவதை நிறுத்தவில்லை. முடித்ததும் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்போ நானு ரெண்டு வருஷமா உரையாசிரியரோட செல்வாக்க அளக்கல. உங்க கடையோட செல்வாக்க அளந்துகிட்டிருந்தேன்."

"ஒரு பகுதிதான் அப்படி."

"பதினோரு பக்கம் எழுதியிருக்கேன் கரும்பப் பத்தி! உழவர் அறிவுன்னு! நெறியாளர் இன்னும் ரெண்டு பேருக்குப் போன் போட்டு வேற சொல்லிட்டாரு!"

அவள் எழுந்து அந்தப் பதினோரு பக்கத்தை எடுத்து வந்து மேசையில் வைத்து முதல் பத்தியைச் சத்தமாகப் படித்தாள். 'ஏட்டறிவும் நிலத்தறிவும் கைகோக்கும் அரிய தருணம்' என்ற வரி வந்தபோது குரல் உடைந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அடக்க முடியவில்லை. பிறகு நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலு வாரம் இருக்கு. என்னா செய்யலாம்னு சொல்லுங்க. நீங்கதான கெடுத்தீங்க" என்றாள்.

கடைக் காலத்து வேலை நோட்டுகளை நான் தூக்கிப் போடவில்லை. நாட்குறிப்புகளோடு பரண்மேல் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. யார் வந்தார், எந்தத் தலைப்பு, எத்தனை பக்கம், பட்டியல் அவர்களுடையதா நம்முடையதா என்று தனித்தனிப் பத்தியாக எழுதியிருந்தேன். நம்முடையது என்றால் ஒரு சின்ன வட்டம். மறுநாள் காலை உட்கார்ந்து, மாடியில் நாங்கள் எண்ணிய ஆய்வேடுகளுக்கு உரிய வட்டங்களை எண்ணினேன். நாற்பத்தொன்று.

அவள் உடனே அந்த நாற்பத்தொன்றையும் அடித்துவிடவில்லை. அதுதான் எனக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசம். நானாக இருந்தால் அடித்துவிட்டு மொத்தத்தைத் திருத்தியிருப்பேன்.

"பட்டியல் உங்களோடதா இருக்கலாம். ஆனா அவர் உள்ள இவர நெஜமாவே படிச்சு எழுதியிருக்கலாமில்ல? பக்கம் பக்கமா பாக்கணும்."

இரண்டு பேரும் லீவு போட்டோம். நூலகக்காரர் காலை ஒன்பது மணிக்கே மாடியைத் திறந்துவிட்டார். இந்த முறை கடைசிப் பக்கத்தைத் தொடவில்லை. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வட்டம் போட்ட ஆய்வேடுகள் பலவற்றில் உரையாசிரியர் உள்ளே எங்கேயும் இல்லைதான். அந்தக் கோடுகள் போயின. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க என்று எடுத்த வேறு ஆய்வேடுகளில், பட்டியலில் அவர் பெயரே இல்லாதவற்றில், நாங்கள் சைபர் போட்டு ஒதுக்கியவற்றில், அவர் இருந்தார். 'உரைகாரர் சொல்வதுபோல' என்று இருந்தார். 'முன்னோர் கருத்து' என்று இருந்தார். சில இடங்களில் அந்த ஒட்டும் இல்லாமல், அவருடைய விளக்கமே ஆய்வாளரின் சொந்த வாக்கியமாக வந்திருந்தது. அவள் விரலை வைத்து வைத்துக் காட்டினாள்.

"இவுங்கெல்லாம் ஏன் பேர் சொல்லல?" என்று கேட்டேன். "எழுத்துல வைக்காத பொருள எப்படிக் கணக்குல எடுக்கிறது?"

"உங்கள நான் என்னைக்காவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனா?"

"இல்ல."

"அதுக்காக நீங்க இந்த வீட்ல இல்லன்னு ஆயிடுமா? எழுதிக்குங்க. இதுக்குத் தனி நிறம்."

பச்சை மையில் எழுதினேன். மொத்த எண்ணிக்கை பழையதைவிடக் குறைந்துதான் போனது. ஆனால் அவளுடைய இயல் இரண்டாகப் பிரிந்தது: பெயர் இருந்தும் ஆள் இல்லாத இடங்கள், ஆள் இருந்தும் பெயர் இல்லாத இடங்கள். கரும்புப் பக்கங்கள் பதினொன்றிலிருந்து ஒன்றரையாகச் சுருங்கி, முதல் பகுதிக்குள் ஓர் எச்சரிக்கையாகப் போய் உட்கார்ந்தன. நெறியாளர் முதலில் வாடிப்போனார். பிறகு படித்துப் பார்த்துவிட்டு, "இது அதவிட நல்லாருக்கும்மா" என்றாராம். எந்த ஆய்வாளரின் பெயரும் வராது. எல்லாருக்கும் எண் மட்டும்தான் என்று முடிவு செய்தார்கள்.

ஒரு சிக்கல் மீதி இருந்தது. அந்தப் பட்டியல் கடையில் சேர்க்கப்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம்? ஆய்வில் ஆதாரம் வேண்டும். அவள் போனில் பதிவை ஓடவிட்டு, சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தகவலாளரின் வயது?"

"உனக்குத் தெரியாதா?"

"தகவலாளர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்."

"அம்பத்து ரெண்டு."

"பட்டியலைச் சேர்க்கும்போது அது தவறு என்று தகவலாளர் உணர்ந்தாரா?"

"இல்ல. ஒழுங்குன்னு நெனச்சேன்."

"கரும்பு ஏன் என்று யாரும் கேட்கவில்லையா?"

"ஒருத்தர் கேட்டாரு. இருக்கட்டும் சார், எடுத்தா நம்பர் எல்லாம் மாறும்னு சொன்னேன்."

அவள் பதிவை நிறுத்திவிட்டாள். சிரித்து முடித்தபின் மறுபடி ஓடவிட்டாள். அப்படி நாற்பது நிமிஷம். நான் ஒன்றே ஒன்றை வற்புறுத்தினேன்: தகவலாளர் ஆய்வாளரின் கணவர் என்பதையும் எழுதிவிட வேண்டும். எழுதினாள். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே ஆய்வேட்டைத் தந்துவிட்டோம். தட்டச்சை அவளே செய்தாள். என்னைக் கணினிப் பக்கம் விடவில்லை.

வாய்மொழித் தேர்வு ஏழு மாதம் கழித்துச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அரங்கில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். மச்சான் அன்று மினிபஸ்ஸை வேறொருவரிடம் விட்டுவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நான் இரண்டாவது வரிசை. புறத்தேர்வாளர் மெலிந்த மனிதர். ஆய்வேடு முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் காகிதம் ஒட்டி வைத்திருந்தார். நான் அவற்றை எண்ணத் தொடங்கினேன்.

ஒரு மணி நேரம் நல்ல கேள்விகள் கேட்டார். அவள் தடுமாறவில்லை. பிறகு ஒரு மஞ்சள் காகிதத்தைத் திறந்தார்.

"உங்கள் மூன்றாம் இயலின் முதல் பகுதி முழுக்க ஒரே தகவலாளரை நம்பி நிற்கிறது. அவர் உங்கள் கணவர்."

"ஆமாங்கய்யா."

அரங்கில் லேசான சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"கணவர் சொன்னதை மனைவி அப்படியே ஏற்றுக்கொண்டதாக யாராவது சொன்னால் உங்கள் பதில் என்ன?"

அவளுடைய பட்டம் அந்த ஒரு கேள்வியில் நின்றது. நெறியாளர் தரையைப் பார்த்தார். நான் எழுந்து நின்று வேலை நோட்டுகளைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மச்சான் என் தொடையை அழுத்தினார்.

"ஏத்துக்கலங்கய்யா" என்றாள் அவள். "அவர் குறிச்சு வச்ச நாற்பத்தொன்றையும் நானு ஒவ்வொண்ணா, போன்ல எடுத்து வச்ச பட்டியல் படத்தோட வச்சுப் பாத்தேன். முப்பத்தெட்டு சரி. மூணு தப்பு. அந்த மூணுலயும் பட்டியல் ஆய்வாளரோட சொந்தப் பட்டியல். நூல்களும் வேற, வரிசையும் வேற. அத அடிக்குறிப்புல குடுத்திருக்கேன்."

புறத்தேர்வாளர் பக்கத்தைப் புரட்டி அந்த அடிக்குறிப்பைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

"இந்த மூன்று தவறும் தகவலாளருக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் தெரிஞ்சிருக்குங்கய்யா. ரெண்டாவது வரிசையில இருக்காரு."

அரங்கு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. மச்சான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கால் மணி நேரம் கழித்து அவள் முனைவர் என்று அறிவித்தார்கள். கை தட்டினேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எந்த மூன்று என்பதிலேயே மனம் ஓடிக்கொண்டிருந்தது.

மாலை வண்டியில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அரங்கில் போர்த்திய சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். யார் யாரோ போனில் வாழ்த்தினார்கள். கிள்ளை தாண்டியதும் கேட்டேன்.

"எந்த மூணு?"

"புஸ்தகத்துல இருக்கு. படிங்க. ரெண்டு வருஷம் கூட இருந்துட்டு, என் ஆய்வேட்ட முழுசா படிக்காத ஒரே ஆள் நீங்கதான்."

அது உண்மை. அவளுடைய பையிலிருந்து எடுத்துப் படித்தேன். புதுச்சத்திரம் வருவதற்குள் அடிக்குறிப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டில் அவள் சொல்வது சரி. நான்தான் வட்டத்தைப் பக்கத்து வரியில் போட்டிருக்கிறேன். மூன்றாவதில் எனக்கு இன்னும் சந்தேகம். அந்த ஆளை நினைவிருக்கிறது. மழையில் நனைந்த கையெழுத்துப் பிரதியோடு வந்தார், பட்டியலில் பாதி அழிந்துபோயிருந்தது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போடக் கையைக் கொண்டுபோனேன்.

அவள் போனில் பேசிக்கொண்டே பென்சிலைப் பிடுங்கினாள்.

"அடுத்தவங்க ஆய்வேட்டுல கை வச்சது போதும்" என்றாள். பிறகு போனில், "இல்லக்கா, இவர்கிட்டதான் சொன்னேன். நீங்க சொல்லுங்க" என்றாள்.